லைன் வீட்டு நியாயம்

அருவங்காடு
12 ஜூன் 2023

சில்வஸ்டருக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்திருக்கும். கிழித்துக் கடலில் போடுவதானால் முழுவதும் படித்துவிட்டுப் போடு.

போன ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு பையன் பலாப்பழத்தோடு நிற்கிறான். கூடலூர் ஷிஜோ, உன்னோடு கப்பலில் வேலை பார்த்தவன் என்றான். உட்காரச் சொன்னால் உட்காராமல் அழுதான். அழுது முடித்த பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது. உங்கள் கம்பெனி கொரோனாவுக்குப் பிறகு நொடித்துப்போனதும், கடன் கொடுத்தவர்கள் வழக்குப் போட்டு நீங்கள் போய் நின்ற துறைமுகத்து நீதிமன்றம் கப்பலைப் பிடித்து வைத்ததும், சம்பளமில்லாமல் நீங்கள் அதிலேயே கிடந்ததும் எங்களுக்கு யார் சொன்னார்கள்? எல்லாரையும் ஊருக்கு அனுப்பலாம், ஆனால் ஒருவன் கையெழுத்துப் போட்டுக் கப்பலுக்குக் காவலாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதாம். கேப்டன் கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லையாம். நீ எழுந்து போய்ப் போட்டாயாம்.

"சேட்டன் ஒப்பு போடலேன்னா ஞான் இப்பவும் அங்கதான் சேச்சி. எங்க வீட்டுல தினமும் அவருக்கு வேண்டி ஜெபமாலை சொல்றோம்" என்றான்.

நானும் தலையை ஆட்டினேன். ஆனால் நம்பவில்லை. சின்ன வயதில் தின்கிற வர்க்கி பிஸ்கட்டில் பாதி கேட்டால்கூட எச்சில் பண்ணிக் காட்டியவன் நீ. ஊருக்காகக் கையெழுத்துப் போடுகிற ஆளா? எதையோ கணக்குப் பண்ணித்தான் போட்டிருப்பாய். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது. என்ன கணக்கு என்று எழுது.

கப்பல் நிற்கும் இடத்தில் டவர் கிடையாதாமே. துறைமுகத்தில் மாலுமிகளைப் பார்க்க வரும் பாதருடைய நம்பரை ஷிஜோ கொடுத்தான். இதைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புகிறேன். அவர் அச்செடுத்துப் படகில் கொண்டுவருவார். நீ எழுதினாலும் அப்படியே எனக்கு வந்து சேரும். நேரில் பேசினால் நாம் இரண்டு வாக்கியத்தைத் தாண்டமாட்டோம், அதனால் இதுவும் நல்லதுதான்.

அப்பாவுக்கு மூச்சு இன்னும் மோசமாகிவிட்டது. டிரையர் ரூமில் இத்தனை வருஷம் குடித்த தேயிலைத் தூசு சும்மா விடுமா? உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கப்பல் முழுவதும் உன் பொறுப்பில் இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ரோஸ்மேரி


கோரல் டச்சஸ் கப்பல்
9 ஜூலை 2023

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பாதர் பிலிப்பைன்ஸ்காரர், தமிழ் தெரியாது, அதனால் கடைசிப் பக்கத்தை மேலே வைத்துப் பின் அடித்துக் கொடுத்தார். உங்கள் பெயரில் ஆரம்பித்து என் பெயரில் முடித்தேன்.

ஷிஜோ சொன்னதில் நான் நல்லவன் என்பதைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான்.

இந்தக் கப்பலைப் பார்த்தால் நம் பெல்மேடு எஸ்டேட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டதுபோல இருக்கும். மேலே துரை பங்களா மாதிரி பயணிகளின் தளங்கள், நீச்சல் குளம், நாடக அரங்கம். கீழே, தண்ணீர் மட்டத்துக்கும் அடியில் நாங்கள், ஒரு அறைக்கு நான்கு பேர். குடிநீர் எடுக்க ஒரு ஆலை, கழிவுக்கு ஒரு ஆலை, கரண்டுக்கு எஞ்சின், ஆஸ்பத்திரி, கடை, லாக்கப் எல்லாம் உண்டு. நான் எஞ்சின் அறையில் ஃபிட்டர். இத்தனை பெரிய ஊருக்கு எந்த நாடு பொறுப்பு என்று கேட்டால்தான் பதில் கிடையாது. கொடி ஒரு தீவு நாட்டுடையது, அந்தத் தீவை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. முதலாளி இன்னொரு நாட்டில் வெறும் தபால் பெட்டி. காப்பீடு மூன்றாவது நாட்டில். எங்களை ஏற்றிவிட்ட மும்பை ஏஜென்ட் போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

முதலாளி ஓடிப்போனால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெல்மேட்டில் பார்த்தவன் நான். கம்பெனி ஃபாக்டரியைப் பூட்டிவிட்டுப் போனபோது வாட்ச்மேன் சுடலைமுத்து மாமா சாவியைத் திருப்பித் தரவில்லை. தொழிலாளர் லைன் வீட்டில் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, காட்டெருமை வாசலில் வந்து நின்றது, அப்போதும் அவர் எஸ்டேட்டை விட்டு இறங்கவில்லை. பிறகு ரிசார்ட்காரன் எஸ்டேட்டை வாங்கினபோது லேபர் ஆபீஸில் என்ன எழுதினார்கள்? விற்ற நாளில் லைனில் குடியிருந்தவர்களுக்கு வீடு, எஸ்டேட் கல்லறைத் தோட்டத்தில் இடம். இறங்கிப் போனவர்களுக்கு ஒன்றுமில்லை. நாம் இறங்கிப் போனவர்கள். நான் கடலில் இருந்தபோது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அப்பாவை நீங்கள் கூட்டிக்கொண்டு இறங்கினீர்கள். இன்று அம்மாவின் கல்லறைக்குப் போக வேண்டுமென்றால் கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. இதைக் கேட்டதற்குத்தானே உங்கள் வாசலில் அவ்வளவு சண்டை?

இந்த முறை சாவி என் கையில். கப்பலை விற்கிற நாளில் உள்ளே இருக்கப் போகிறவன் நான் ஒருவன்தான். இறங்கிப் போனவர்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

அப்பாவிடம் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

சில்வஸ்டர்


அருவங்காடு
6 ஆகஸ்ட் 2023

தம்பிக்கு,

"நீங்கள்" போட்டு எழுதினால் எனக்குச் சுடும் என்று நினைத்தாயா? அங்கன்வாடியில் நாள் முழுக்க மூக்குச் சிந்திவிடுகிற எனக்கு இந்த மரியாதையெல்லாம் கட்டுப்படியாகாது. பழையபடியே எழுது.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு குன்னூர் கோர்ட்டுக்குப் போனேன். கெஸியா என்று ஒரு வக்கீல், நம் கோத்தகிரிப் பெண். கப்பல் வழக்குகளைப் பார்க்கும் தன் சீனியரிடம் சென்னைக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு, என்னை மறுபடி வரச் சொன்னாள். அவள் சொன்னதை அவள் வாயாலேயே சொன்னால்தான் உனக்கு ஏறும்.

"தேயிலைக் காட்டுல அட்டை கால்ல புடிச்சுதுன்னா நாம எங்க போனாலும் கூடவே வருமுங்களா இல்லீங்களா? கப்பல்ல வேலை பார்த்தவங்க சம்பளம் கப்பலைப் புடிச்சிருக்கறது அப்படித்தானுங்க அக்கா. கோர்ட்டு வித்தா அந்தக் காசுல மொதப் பங்குல வரும். அதுக்கு உங்க தம்பி உள்ள உக்காந்திருக்கோணும்னு ஒண்ணுமே இல்லீங்க."

புரிகிறதா? புடவையில் முள் சிக்கினால் செடியோடு நின்றாக வேண்டும் என்கிறது உன் லைன் வீட்டு நியாயம். கடலின் நியாயம் வேறு. ஷிஜோ கூடலூரில் குழந்தையைத் தாலாட்டிக்கொண்டிருந்தாலும் அவன் உரிமை அப்படியே இருக்கிறது. உன்னுடையதும் அவ்வளவேதான், ஒரு பிடிகூட அதிகமில்லை. கையெழுத்துப் போட்டதால் கிடைத்தது ஒன்றே ஒன்று, நீ மட்டும் வர முடியாது.

இனி என் பங்கு. அப்பாவை நான் ஏன் இறக்கினேன் என்று நீ ஒரு முறையாவது கேட்டிருக்கிறாயா? அது தை மாதம், உறைபனி. எஸ்டேட் டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. அப்பா இருமினால் துண்டில் ரத்தம். ஜீப் மேலே வராது என்று சொல்லிவிட்டார்கள். கம்பளியில் கட்டி, சுடலைமுத்து மாமாவும் இன்னும் மூன்று பேரும் கட்டபெட்டு ரோடு வரை தூக்கி வந்தார்கள். நான் இறக்காமல் விட்டிருந்தால் நீ கேட்கிற கல்லறை இடம் அவருக்கு அந்த வாரமே கிடைத்திருக்கும். இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் நான் இறக்குவேன். உன்னைக் கேட்கமாட்டேன்.

நாங்கள் இருக்கிற இந்த வெடிமருந்து ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் மட்டும் எனக்குச் சொந்தமா? என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகிற நாளில் நாங்களும் பாத்திரத்தைக் கட்ட வேண்டியவர்கள்தான். உயிர் இருந்தால் அப்புறம் எங்கேயாவது உட்காரலாம்.

அப்பா பால் வாங்கப் போகிற இடமெல்லாம், "எம் பையங்கிட்டதான் கப்பல் சாவி இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். இறங்கும் வழியைப் பார்.

ரோஸ்மேரி


கோரல் டச்சஸ் கப்பல்
24 செப்டம்பர் 2023

அக்காவுக்கு,

நீ எழுதியதை நம்பாமல், துறைமுக ஏஜென்ட் வந்தபோது கேட்டேன். உன் வக்கீல் சொன்னது அத்தனையும் சரி என்றான். இதையே கேப்டன் போவதற்கு முன் என்னிடம் சொன்னார். எங்கே இருந்தாலும் உன் பணம் உனக்கு வரும், யோசித்துக் கையெழுத்துப் போடு என்றார். பெல்மேட்டு மேனேஜர் காரில் ஏறும்போது சொன்ன அதே வார்த்தை. நீங்க எங்க போனாலும் உங்க பணம் தேடி வரும் என்று அவரும்தான் சொன்னார். அதனால் கேப்டன் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டி, அவர் முகத்துக்கு நேரே கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் ஒரு அதிகாரி என்னிடம் உண்மையைச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

பாஸ்போர்ட் நீதிமன்றத்தில் இருக்கிறது. கப்பல் விற்க வேண்டும், அல்லது என் இடத்தில் இன்னொருவன் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் நடக்காதவரை படகில் கால் வைக்க முடியாது.

போன வாரம் இன்னொன்று நடந்தது. கட்டணம் கட்டவில்லை என்று அந்தத் தீவு நாடு தன் பதிவிலிருந்து கப்பலை அடித்துவிட்டது. கொடியை இறக்கு என்று ஏஜென்ட் சொன்னான். நானே இறக்கினேன். வெயிலில் நைந்து ஓரமெல்லாம் நூலாகப் போயிருந்தது. நம் தூதரகத்துக்கு எழுதியபோது கொடி நாட்டைக் கேளுங்கள் என்று பதில் வந்திருந்தது. இப்போது கொடி நாடு, அது எங்கள் கப்பலே இல்லை என்கிறது. ரோந்துப் படகுக்காரர்கள் சுற்றி வந்து எந்த நாட்டுக் கப்பல் என்று கத்திக் கேட்டார்கள். கையை விரித்துக் காட்டினேன்.

ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம்தான் ஓட்ட டீசல் இருக்கிறது. உள்ளே வெக்கையும் ஈரமும் சேர்ந்து கம்பளங்களில் காளான் முளைத்துவிட்டது. மேல் தளத்தில் பயணிகள் வெயில் காயும் நாற்காலியில் படுக்கிறேன். நீச்சல் குளத்தில் மழைத் தண்ணீர், அதில்தான் துவைக்கிறேன். கால் வீங்கியிருக்கிறது. பேசாமலே இருந்து குரல் கரகரத்துவிட்டது, பாதர் வந்தால் முதல் சில வார்த்தைகள் சரியாக வருவதில்லை. அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

அப்பா சாவியைப் பற்றி ஊரெல்லாம் சொல்வதாக எழுதியிருந்தாய். சொல்லட்டும். அவரிடம் எதையும் மாற்றிச் சொல்லாதே.

அந்தத் தை மாதத்தைப் பற்றி நீ எழுதியதை இரண்டு மூன்று முறை படித்தேன். துண்டில் ரத்தம் வந்தது எனக்குத் தெரியாது.

சில்வஸ்டர்


அருவங்காடு
5 நவம்பர் 2023

தம்பிக்கு,

கலெக்டர் ஆபீஸ், டில்லி, தூதரகம் என்று கெஸியா எழுதாத இடமில்லை. ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார். கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்கிற கதைதான். அந்தத் துறைமுக நீதிமன்றத்துக்கும் உனக்குப் பதில் வேறு ஆளை வைக்கச் சொல்லி மனு அனுப்பியிருக்கிறாள். அங்கேயே ஒரு வக்கீல் இலவசமாக வாதாட ஒப்புக்கொண்டிருக்கிறார். கால் வீக்கத்துக்கு உப்பைக் குறை. பாதரிடம் மருந்து கேட்டிருக்கிறேன், வாங்கிச் சாப்பிடு.

நடந்ததை உனக்கு எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். கல்லறைத் திருநாளன்று அப்பா விடியும் முன்னே குளித்து, கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் காய்ச்சலில் போக முடியாமல் போனதால் இந்த வருஷம் விடவே மாட்டேன் என்றார். மழை. மூச்சு வாங்க வாங்க ஆட்டோவில் பெல்மேட்டுக்குக் கூட்டிப் போனேன். கையில் மெழுகுவத்தி, பை நிறைய சாமந்தி.

கேட்டில் விடவில்லை. உள்ளே ஏதோ கம்பெனிக்காரர்கள் மொத்தமாக ரூம் எடுத்திருக்கிறார்களாம், லைனில் இருக்கிறவர்களைத் தவிர வெளியாள் நுழையக் கூடாதாம். நான் சண்டை போட்டேன். அப்பா போடவில்லை. தொப்பியைக் கழற்றி, அந்தப் பையனை "சார்" என்று கூப்பிட்டுக் கேட்டார். அவனுக்கு உன்னைவிட வயது குறைவு. பிறகு கேட்டுக்கு வெளியே ரோட்டோரத்திலேயே மெழுகுவத்தியை ஏற்றப் பார்த்தார். மழையில் எது நிற்கும்?

யாரோ சொல்லிச் சுடலைமுத்து மாமா குடையோடு இறங்கி வந்தார். எங்கள் கையிலிருந்த மெழுகுவத்தியையும் பூவையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவர் சிலுவை போட்டதில்லை, கல்லறையில் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாது. அம்மா பேரைச் சொல்லி, "ஊட்டுக்காரர் கேட்டு வாசல்ல நிக்கறாருங்க அம்மா, விடமாட்டேங்கறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாராம். திரும்பி வந்து அப்பாவிடம், எங்க வீட்டுல வந்து இருங்கண்ணே, விருந்தாளியை எவனும் தடுக்க முடியாது என்றார்.

அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. நீ கோபப்படுவாய் என்று தெரியும். படு. நானும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

ரோஸ்மேரி


கோரல் டச்சஸ் கப்பல்
10 டிசம்பர் 2023

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து எத்தனையோ எழுதினேன், எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். இதைத்தானே அன்றைக்கே சொன்னேன் என்று எழுத எனக்கு ஆசை. எழுதினால் என்ன ஆகப்போகிறது? அப்பா தொப்பியைக் கழற்றியதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கலாம்.

கெஸியாவின் மனு பலித்துவிட்டது. துறைமுகத்தில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என் இடத்தில் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார். என்னைப் போல இவரும் மாட்டிக்கொள்வாரே என்று பாதர் மூலம் எச்சரிக்கை பண்ணினேன். பெரியவர் சிரித்தார். அவர் இந்த நாட்டுக்காரர், சாயங்காலம் படகில் வீட்டுக்குப் போய்விடுவாராம். நீதிமன்றம் தினக்கூலியும் தருகிறதாம். முதலிலேயே ஏன் இப்படிச் செய்யவில்லை என்று ஏஜென்டைக் கேட்டேன். நீதான் சும்மாவே இருக்கச் சம்மதித்தாயே என்றான்.

ஆனால் அக்கா, பேனாவை எடுத்தால் கை போகமாட்டேன் என்கிறது. இந்தச் சாவிக் கொத்தைக் கொடுத்துவிட்டுப் படகில் இறங்கினால், அதற்கப்புறம் இந்தக் கப்பலில் எனக்கு என்ன இருக்கிறது? சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியும். ஏஜென்ட் சொன்னான், கேப்டன் சொன்னார், நீயும் சொன்னாய். இருந்தும் இறங்கிப் போனவனுக்கு ஒன்றுமில்லை என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அடுத்த ஏலம் பங்குனியில் என்கிறார்கள். அதுவரை இருந்து பார்க்கட்டுமா?

நீ சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

சில்வஸ்டர்


அருவங்காடு
14 டிசம்பர் 2023

தம்பி,

இறங்கு.

பங்குனி வரைக்கும் அப்பா தாங்கமாட்டார். வெலிங்டன் ஆஸ்பத்திரியில் டாக்டர் இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார். தூக்கத்தில் உன்னைத்தான் கூப்பிடுகிறார்.

அவர் என்னிடம் வேறொன்றும் கேட்டிருக்கிறார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கையெழுத்துப் போட்டுவிட்டு வா.

ரோஸ்மேரி


மாலுமிகள் விடுதி
13 ஜனவரி 2024

அக்காவுக்கு,

இறங்கிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறந்த பிறகுதான் உத்தரவு வந்தது. சாவிக் கொத்தைத் துடைத்து, எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று துணியில் எழுதிக் கட்டி வைத்திருந்தேன். பெரியவர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை, ஒரு ஆணியில் மாட்டிவிட்டு டீ போடப் போய்விட்டார். அறைக் கதவுகளெல்லாம் அட்டை தேய்த்துத் திறக்கிற கதவுகள், கரண்ட் இல்லாததால் எப்போதோ திறந்து கிடக்கின்றன. இத்தனை நாள் எதைக் காத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. படகு நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். பெயரைத் துரு தின்று பாதிதான் தெரிந்தது.

தரையில் நடந்தால் இன்னும் ஆடுகிறது. வெளியேறும் முத்திரைக்கு இன்னும் ஒரு ஆபீஸ் பாக்கி, ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும் என்கிறார்கள். இங்கே டவர் இருக்கிறது, பாதர் தன் போனை நீட்டினார். எனக்குத் தைரியம் வரவில்லை. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்று தோன்றியதால் இதையும் எழுதியே அனுப்புகிறேன்.

நான் இறங்கிவிட்டதை அப்பாவிடம் பக்குவமாகச் சொல். சாவியைக் கொடுத்துவிட்டேன் என்றால் வருத்தப்படுவார். அவர் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளட்டும், நேரே அருவங்காட்டுக்கு வந்துவிடுவேன். கோட்டை எடுத்து வெயிலில் போட்டு வை. இந்த முறை அவரை நான் கூட்டிக்கொண்டு போகிறேன், அந்தக் கேட்டில் யார் நிறுத்துகிறான் என்று பார்க்கலாம்.

சில்வஸ்டர்


பெல்மேடு லைன்
21 ஜனவரி 2024

தம்பி,

மேலே எழுதியிருக்கிற ஊரைப் பார்த்திருப்பாய். பாதர் இரண்டு முறை போன் பண்ணினார், நான் எடுக்கவில்லை. இதை வாயால் சொல்ல என்னால் ஆகாது.

அப்பா போய்விட்டார். பொங்கலுக்கு மறுநாள் காலையில், சுடலைமுத்து மாமா வீட்டில், உட்கார்ந்தபடியே.

உனக்கு இறங்கு என்று எழுதின வாரமே அப்பாவை நான் இங்கே கொண்டுவந்துவிட்டேன். அவர் கேட்டது அதுதான். அம்மா பக்கத்தில் போட வேண்டும் என்றார். வெளியாள் பிணத்தை உள்ளே விடமாட்டார்கள், ஆனால் விருந்தாளியை விடுவார்களே. என் வீட்டுக்காரர் பைத்தியமா என்றார், ஆக்ஸிஜன் சிலிண்டர் வண்டியில் அவரும்தான் பின்னாடி வந்தார். எந்த ரோட்டில் கம்பளியில் கட்டி இறக்கினேனோ அதே ரோட்டில் ஜீப்பில் ஏற்றிக் கூட்டிவந்தேன். நம் பழைய வீட்டில் ரிசார்ட்காரன் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறான். அப்பா ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் சாப்பிட்டார் தம்பி. வந்த முதல் வாரம் நன்றாகச் சாப்பிட்டார்.

உன் கடிதம் பொங்கலன்று வந்தது. இங்கே கேட்டுக்குப் பக்கத்தில் போனால்தான் டவர், அங்கே நின்று படித்தேன். பக்குவமாகச் சொல் என்று எழுதியிருந்தாய். எனக்குப் பக்குவம் ஏது? சில்வஸ்டர் சாவியைக் குடுத்துட்டு இறங்கிட்டான்ப்பா என்றேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"எறங்கட்டும். அந்தக் கடல்ல நமக்கு ஆரு படுத்திருக்கறாங்க, காவல் இருக்கறதுக்கு?"

அவர் கடைசியாகப் பேசியது உன்னைப் பற்றித்தான் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ரிசார்ட் மேனேஜர் வந்து, இவர் லைன் ஆள் இல்லையே, கீழே கொண்டுபோங்கள் என்றார். சுடலைமுத்து மாமா வேட்டியை இறக்கிவிட்டு முன்னால் போய் நின்றார். "எங்கூட்டுல உசுரு போச்சுங்க. அப்ப எங்கூட்டு ஆளுங்க. எங்கூட்டுப் பொணத்தை எங்க பொதைக்கோணும்னு லேபர் ஆபீஸ்ல எழுதியிருக்குதுங்க" என்றார். மேனேஜர் யார் யாருக்கோ போன் பண்ணினார். மத்தியானம் ஆனது, லைனில் இருந்த அத்தனை பேரும் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் புதைத்துக்கொள்ளுங்கள் என்றார். கோத்தகிரியிலிருந்து பங்குச் சாமியார் வந்தார். ஷிஜோ கூடலூரிலிருந்து வந்து, உன் இடத்தில் நின்று மண் போட்டான். அம்மாவுக்கு இடது பக்கம். கோட்டைப் போட்டுத்தான் வைத்தோம்.

ஆனால் சிலுவை நடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆபீஸில் முடிவு பண்ண வேண்டுமாம். அந்த மேட்டில் கூடாரம் போட்டு வாடகைக்கு விடப் போகிறார்கள் என்று லைனில் பேச்சு. இப்போது அங்கே வெறும் மண்தான் இருக்கிறது. ஒரு மழை பெய்தால் எது அப்பா, எது காட்டுப்பன்றி கிளறின இடம் என்று தெரியாமல் போய்விடும்.

நேற்று அந்தச் செக்யூரிட்டிப் பையன் வந்து, காரியமெல்லாம் முடிஞ்சுதுங்களே, நீங்க எப்பங்க எறங்கறீங்க என்று கேட்டான். நான் இறங்கினால் மறுபடி கேட்டுக்குள் விடமாட்டார்கள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முப்பதாம் நாள் பூசை இருக்குது, என் தம்பி வரோணும் என்றேன். அங்கன்வாடிக்கு லீவ் எழுதி அனுப்பிவிட்டேன். சிலுவைக்குச் சவுக்கு மரம் அறுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறோம்.

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்.

முத்திரை கிடைத்ததும் அருவங்காட்டுக்குப் போகாதே, அங்கே நான் இல்லை. நேரே இங்கே வா. கேட்டில் கேட்டால் சுடலைமுத்து மாமா வீட்டு ஆள் என்று சொல். நீ வந்து சேரும்வரை நான் இந்த வீட்டை விட்டு இறங்கமாட்டேன்.

அக்கா